வேட்டைக்கும் வாசலுக்கும் ஒன்று

ட்வைலா நூட்சன் ஏன் ஊரைவிட்டுப் போனாள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தோள் போய்விட்டது, அதனால் வீட்டை விற்றாள் என்பார்கள் சிலர். மகள் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள் வேறு சிலர். என் கடையின் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஓசிக் காப்பி குடிக்கிற கூட்டம், துப்பாக்கி உதைத்த உதையில் பயந்து ஓடிவிட்டாள் என்று சொல்லிச் சிரிக்கும். மூன்றும் தப்பு. நடந்தது எனக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கியை அவளுக்கு விற்றவன் நான்தான்.

மொன்டானாவில், மலையடிவாரத்து வில்லோ பெண்டில் இருக்கிறது என் கடை. முன்பக்கம் மாடு நக்குகிற உப்புக்கட்டி, முள்கம்பி, குதிரைப் புழுவுக்கு மருந்து. பின்பக்கம் கண்ணாடி மேசையும் துப்பாக்கிகளும். ட்வைலா என்னோடு படித்தவள். எட்டாம் வகுப்பில் என் மூக்கை உடைத்தாள். தப்பு என் மேல்தான், அது இப்போது வேண்டாம். இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பனி கொட்டினாலும் ஒரு நாள் பிந்தியது கிடையாது. கணவன் கோர்டன் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து பதினாலு மைல் தள்ளித் தனி வீடு. வருடத்துக்கு ஒரு மான் அவளே சுடுவாள், அவளே அறுப்பாள், குளிர்பெட்டி நிறைந்துவிடும். கடையில் கறி வாங்குகிற நாள் வந்தால் என்னைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்பாள். பிறகு ஒரு நாள் குதிரை தள்ளிவிட்டது. வலது தோளில் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். இனி ரைஃபிளைத் தோளில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருடம் நான் அரை மான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், அப்புறம் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஏப்ரலில்தான் அந்த ஆள் வந்தான். காலைச் சுற்று முடித்து ட்வைலா வீட்டுக்குத் திரும்பியபோது, அவள் சமையலறை மேசையில் முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டிருந்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். இவளைப் பார்த்ததும் அவசரமே இல்லாமல் எழுந்து, "கொஞ்சம் உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போனான். ஷெரிஃப் ஆட்கள் வந்து பார்த்தார்கள், ஆள் சிக்கவில்லை. முதல் வாரம் இதை ஒரு வேடிக்கைபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இரண்டாவது வாரம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வந்தால் வாசலுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டாள். காப்பியைக் கையில் வாங்கினால் குடிக்காமல் நடந்துகொண்டே இருப்பாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்து பூட்டைப் பார்க்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேன், எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றாள். பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போதும் நினைப்பெல்லாம் வீட்டில்தான். இந்நேரம் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறானோ என்று. மகள் காரின் ஸ்போகேன் நகரத்திலிருந்து தினமும் போனில் பிடித்துக்கொள்வாள். வீட்டை விற்றுவிட்டு இங்கே வா, உன்னால் தனியாக முடியாது, மானும் சுட முடியாது, தூங்கவும் முடியாது, யாருக்காக அங்கே காவல் இருக்கிறாய் என்று. கடைசியில் கோபத்தில் ட்வைலா ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குள் அவள் கையால் சுட்ட மான் குளிர்பெட்டியில் இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு வருவதாக. இருந்தால் மகள் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்து என் கண்ணாடி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு வேணும் ஆர்லோ. மானுக்கும் அதுதான், கதவுக்கும் அதுதான். ரூமுக்கு ஒரு துப்பாக்கி வெச்சுக்கிட்டுத் திரியற ஆளா ஆக எனக்கு இஷ்டமில்ல."

இந்தக் கேள்வியை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோருமே கெட்டிக்காரத்தனமாகக் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். மானுக்கு நீளக் குழல் வேண்டும், கனத்த தோட்டா வேண்டும், நிதானமாகக் குறி பார்க்க வேண்டும். வீட்டுக்குள் அதெல்லாம் கழுத்தை அறுக்கும். அங்கே கைக்கு அடக்கமாக, அரைத் தூக்கத்திலும் தடுமாறாமல் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். தோட்டாவும் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகக்கூடாது. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கத்திலிருந்து ஓரின் வாயைத் திறந்தார். எழுபத்தெட்டு வயது, மாடு மேய்த்து ஓய்ந்த மனிதர், யாருமே கேட்காத யோசனை கைவசம் நிறைய வைத்திருப்பவர். நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வர் ஒன்றுதான் இரண்டுக்கும் ஆகும், கரடி வந்தாலும் சரி கள்ளன் வந்தாலும் சரி என்றார்.

"கரடி வந்து என் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போகல, ஓரின்" என்றாள் ட்வைலா.

அவர் விடவில்லை. அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, ஆனால் பெண்பிள்ளைக் கைக்கு அது தாங்காது, சின்னதாக ஏதாவது எடுத்துக் கொடு என்றார். அவ்வளவுதான். ட்வைலாவின் கழுத்து சிவந்தது. எட்டாம் வகுப்பில் பார்த்த அதே சிவப்பு.

"எடு அந்த நாப்பத்திநாலை" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தகடு வைத்த தோள், ரிவால்வர் உதைக்கிற உதை மணிக்கட்டிலிருந்து நேரே அங்கேதான் போய் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரிய துப்பாக்கியை மேசையில் வைக்கும்போது எனக்கே ஒரு குஷி வந்துவிடும், என்ன பண்ண. ஓரின் முன்னால் அவளை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. படிவத்தை எழுதி, அவள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போனில் சரிபார்த்து, கட்டிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு வந்தாள். நெற்றியில் ஒரு காயம், அதைப் பற்றிக் கேட்கவிடவில்லை. பத்தடியில் வைத்த காப்பி டப்பாவில்கூடப் படவில்லை, குறிமுள் கோணல் என்றாள். குறிமுள்ளில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கடையைப் பூட்டிவிட்டு அவளைச் சரளைக்கல் குழிக்குக் கூட்டிப்போனேன். ரிவால்வரை அவளிடமிருந்து வாங்கித் திரும்பி நின்று, ஆறு அறையில் மூன்றில் நல்ல தோட்டாவும் மூன்றில் சுட்ட வெற்றுக் கூடும் போட்டு, சுழற்றி மூடிக் கொடுத்தேன். எது எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலில் வெடித்தது, மண்ணைக் கிளப்பியது. அடுத்தது வெற்றுக் கூடு. 'டக்' என்ற சத்தம்தான் வந்தது. ஆனால் குழல் ஒரு சாண் கீழே குத்திக்கொண்டு போனது. வெடிக்கவே இல்லை, உதைக்கவே இல்லை, வரப்போகிற உதைக்குப் பயந்து அவள் கையே அதைக் கீழே அழுத்தியிருந்தது. அவளே அதைப் பார்த்துவிட்டாள்.

"அட கருமமே" என்றாள். அப்புறம், "இது எல்லாருக்கும் வருமா, எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

எல்லோருக்கும் வரும், ஓரினுக்கு எல்லோரையும்விட மோசமாக வரும் என்றேன். அன்றைக்குத்தான் அந்த ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை சிரித்தாள்.

நாற்பத்துநாலைத் திருப்பி வாங்கிக்கொண்டு முந்நூற்று ஐம்பத்தேழு ரிவால்வர் ஒன்றைக் கொடுத்தேன். ஆறங்குலக் குழல், தொலைநோக்கி எதுவும் கிடையாது. அதில் ஒரு வசதி: அதன் சொந்தத் தோட்டாவும் போகும், முப்பத்தெட்டு என்கிற சாதுவான தோட்டாவும் போகும். மானுக்கு அது, வீட்டுக்கு இது. ஒரே துப்பாக்கிதான். முதல் நாளே இதைக் கொடுத்திருக்கலாம். பயம் கையைவிட்டுப் போக ஒரே வழிதான் உண்டு, தினமும் சாயங்காலம் வெற்றுக் கூட்டைக் கலந்து போட்டு, பார்க்காமல் மூடிச் சுடு, 'டக்' என்று வரும்போது குழல் அசையாமல் இருக்கிற வரைக்கும் விடாதே என்றேன். கதவைப் பற்றிக் கேட்டாள். அப்போது ஒன்று சொன்னேன். கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான், யோசித்துச் சொன்னது இல்லை. கதவு பக்கம் வந்துவிட்டான் என்றால் யோசித்துக்கொண்டு நிற்காதே, யோசிக்கிறவள்தான் முதலில் விழுவாள் என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சொன்னதை நூறு பங்காகச் செய்கிறவள் அவள். தொழுவத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் தினமும் சுட்டாள். காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஊர் எல்லை வரை கேட்கும். பள்ளிப் பேருந்தில் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது, அது சட்டம். அதனால் பகலெல்லாம் அது வீட்டில் கிடக்கும். அதுவே ஒரு புதுக் கவலையாகிவிட்டது. மறுபடி அந்த ஆள் வந்து, குழம்புக்குப் பதிலாகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரில் முடுக்கினாள். இப்போது பெட்டியைத் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகினாள். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் சொன்னபடி பழகுகிறாள் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அக்டோபர் கடைசியில் மானை அடித்துவிட்டாள். ஓடைக்கரை மரத்தில் முதுகைச் சாய்த்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நூறு கெஜத்தில் வந்ததை விட்டாள், அறுபதில் வந்ததை விட்டாள். முப்பத்தைந்து கெஜத்தில் ஒரு பெட்டை மான் நின்றது. ஒரே தோட்டா, இருபது அடிகூட ஓடவில்லை. கடைக்கு வந்து ஓரின் காதுபடச் சொன்னாள். அங்கிருந்தே காரினுக்குப் போன் போட்டாள். "என்னம்மா இது, நிஜமாவா?" என்று மகள் கத்தியது எனக்கே கேட்டது. வீடு பிழைத்தது என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கும்போதே அவள் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டு வந்தது.

நவம்பர் இரண்டாவது வாரம் நான் வேட்டைக்குப் போனேன். ட்வைலாவின் நிலத்தை ஒட்டிய அரசு நிலம். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கொம்பு மானைச் சுட்டேன். சரியாகப் படவில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. மான் வேலியைத் தாண்டி அவள் நிலத்துக்குள் போனது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. அடிபட்ட மானை விட்டுவிட்டு வருகிறவன் மனிதனே இல்லை. அதே சமயம் அடுத்தவர் நிலத்தில் அனுமதி கேட்காமல் கால் வைக்கக்கூடாது. நேராக வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது ரைஃபிளை வேலிக்கம்பத்தில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். அப்பா எனக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வேலியில் சிந்தியிருந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தேன், கையெல்லாம் ஆகிவிட்டது. ட்வைலாதானே என்று நினைத்தேன். ரைஃபிள் தோளில் தொங்க, குளிருக்காகத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டு, மேட்டிலிருந்து குறுக்கே இறங்கி நடந்தேன். அந்தப் பக்கமிருந்து போனால் பின்கதவுதான் வரும். அதைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து "யாரு?" என்றாள்.

"நான்தான், ஆர்லோ" என்றேன். பதில் இல்லை. காற்றடித்துக்கொண்டிருந்தது, கேட்கவில்லை போல என்று மறுபடியும், "ஆர்லோதாம்மா, மான் ஒண்ணு உள்ள வந்துடுச்சு" என்றேன்.

கதவு படாரென்று திறந்தது. அந்த ஆறங்குலக் குழல் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. 'டக்.'

அந்தச் சத்தத்தை நான் சரளைக்கல் குழியிலேயே கேட்டவன். என்ன என்று உடனே புரிந்தது. இன்னொன்றும் பார்த்தேன். குழல் ஒரு நூல்கூட அசையவில்லை. அவ்வளவு சுத்தமான அழுத்தல். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மண்மேட்டில் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் என் ரைஃபிள் சத்தம் கேட்டதும், மிச்சத்தைச் சுடாமல், கூட்டை மாற்றாமல் அப்படியே உள்ளே ஓடிப் பூட்டிக்கொண்டாள். ரிவால்வரைத் திறந்து என் பக்கத்தில் படியில் வைத்தாள். ஆறு அறை. ஒரு வெற்றுக் கூட்டில் ஊசி குத்திய இரண்டாவது தடம் புதிதாக விழுந்திருந்தது. அதற்கு அடுத்த அறையில் நல்ல தோட்டா இருந்தது.

அப்புறம் நான்தான், மானைத் தேடணும் என்றேன். பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம், ஆனால் அது வலியோடு எங்கேயோ கிடக்கிறதே. அவள் டார்ச்சை எடுத்துவந்தாள். ஓடைப் புதரில் கிடந்தது, செத்திருந்தது. நான் வயிற்றைக் கிழிக்க, அவள் கால்களை விரித்துப் பிடித்துக்கொண்டாள். கத்தி தவறிக் குடலில் பட்டு நாறடித்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு வருடம் என்னைக் கேலி பண்ணியிருப்பாள்.

காத்துல என் குரல் உனக்குக் கேட்டிருக்காது என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன். எனக்காகவும்தான்.

"கேட்டுச்சு ஆர்லோ" என்றாள். மானின் காலை விடவில்லை. "ரெண்டு தடவையும் கேட்டுச்சு. உன் குரல்னும் தெரிஞ்சுது. கதவைத் தொறந்தேன், ரைஃபிளும் ரத்தமும் தெரிஞ்சுது, விரல் தன்பாட்டுக்கு அழுத்திடுச்சு. யோசிக்கவே இல்ல."

என் வார்த்தை. யோசித்துக்கொண்டு நிற்காதே. அவள் என்மேல் பழி போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காரின் கிறிஸ்துமஸுக்குப் பேத்திய கூட்டிட்டு வரேன்னிருக்கா" என்றாள். "அந்தப் புள்ள எப்பவும் பின்கதவு வழியாத்தான் ஓடிவரும்."

மறுநாள் காலையில் ரிவால்வரைக் காலியாக்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஓரின் அடுப்புப் பக்கத்தில் இருந்தார். என்னம்மா, இதுவும் கைக்குத் தாங்கலையா என்று கேட்டார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆமாம், கொஞ்சம் உதைக்குது என்று சொன்னேன். அந்தப் பொய்தான் இன்றைக்கு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. உண்மையைச் சொன்னால் அவளைக் கொலைகாரி மாதிரி பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி, கதவைத் தட்டப் போனவன் ரைஃபிளோடு போனான் என்பதும், அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்பதும் வெளியே வரும் என்ற பயம்.

மகளோடு போட்ட பந்தயத்தில் ஜெயித்தவள் அவள். அந்தப் பெட்டை மான் முழுசாகக் குளிர்பெட்டியில் இருந்தது. இருந்தும் தேங்க்ஸ்கிவிங் முடிந்த மறுநாளே வீட்டை விற்பனைக்குப் போட்டாள். துப்பாக்கி இல்லாமல் அந்த வீட்டில் ஒரு ராத்திரி இருந்து பார்த்தாளாம், முடியவில்லையாம். துப்பாக்கியோடு இருக்க இனி விடமாட்டேன் என்றாள். தன்னைத்தான் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. பேருந்துப் பிள்ளைகள் அட்டையில் பூ வரைந்து கொடுத்தார்கள். அதை என்னிடம் காட்டியபோதுதான் அழுதாள்.

ஜனவரியில் லாரி வந்தது. சாமான் ஏற்ற உதவுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பளிச்சென்று வெயில் அடித்த காலை. முன்வாசல் பக்கம்தான் போனேன். படியேறிக் கதவு முன்னால் நின்றேன். கையைத் தூக்கினேன், தட்ட வரவில்லை. கீழே இறங்கி, முற்றத்தின் நடுவில் பனியில் நின்றுகொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் நின்ற இடத்தையும் படியில் பதிந்திருந்த என் கால் தடத்தையும் பார்த்தாள்.

"தட்ட வேண்டியதுதானே" என்றாள்.

"கை ரெண்டும் நிறைய சாமான் இருந்துச்சு" என்றேன்.

என் கையில் ஒன்றுமே இல்லை. அவளும் அதைப் பார்த்தாள். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.